போர் முடிந்ததும் கடிகாரம் திரும்பியது, சம்பளம் ஏன் திரும்பவில்லை? (தாத்தாவின் டைரியிலிருந்து ஒரு கேள்வி)

கும்பகோணம் பேரன்

பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது தாத்தாவின் நான்கு டைரிகள் கிடைத்தன. 1942 முதல் 1947 வரை, நடுவில் இரண்டு வருடம் இல்லை. தாத்தா மதராஸில் தபால் இலாகா குமாஸ்தா. டைரி என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பால் கணக்கு, வண்ணான் கணக்கு, யாருக்குக் கைமாற்று கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது.

ஒன்று மணி. 1942 செப்டம்பருக்குப் பிறகு எந்த நேரத்தைக் குறித்தாலும் பக்கத்தில் "பு.ம." அல்லது "ப.ம." என்று போட்டிருக்கிறார். பெரிய அத்தையைக் கேட்டேன். புது மணி, பழைய மணியாம். போருக்காக இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். 1942 செப்டம்பர் 1ல் தொடங்கி 1945 அக்டோபர் நடுவில்தான் பழையபடி ஆனது. மதராஸின் சூரியக் கணக்கு இன்றைய இந்திய நேரத்துக்கே ஒன்பது நிமிடம் பின்னால். அதற்கு மேல் இன்னொரு மணி. அதாவது ஆபீஸில் பத்து அடிக்கும்போது வெயில் ஒன்பதைக்கூடத் தொட்டிருக்காது. பாட்டி கடைசி வரை பழைய மணிக்குத்தான் உலை வைத்தாளாம். தாத்தா மட்டும் புது மணிக்கு ஓடினார்.

இரண்டாவது சம்பளம். சம்பளத்துக்குக் கீழே தனி வரியில் "பஞ்சப்படி" என்று ஒரு சிறு தொகை. முதலில் அது சில ரூபாய்தான். 47ல் பார்த்தால் சம்பளத்தோடு போட்டி போடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். போருக்காகக் கொண்டுவந்த மணியை ஒரே ராத்திரியில் திருப்பி வைத்துவிட்டார்கள். போருக்காகக் கொண்டுவந்த படியை ஏன் திருப்பவில்லை? இன்றைக்கும் அகவிலைப்படி என்று அதே சங்கதிதானே ஓடுகிறது?

ஓய்வூதியர் 1972

தம்பி, முதலில் அந்த டைரிகளைப் பூச்சி அரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை போடுங்கள், நாப்தலின் வேண்டாம், மை மங்கும் என்பார்கள்.

நான் 1972ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தவன். அப்போதும் பழைய ஆட்கள் "பஞ்சப்படி" என்றுதான் சொல்வார்கள். "கிராக்கிப்படி" என்றும் சொல்வார்கள். அகவிலைப்படி என்பது அரசாணைத் தமிழ். மூன்று பெயரும் ஒரே காசுதான், ஆனால் மூன்றும் மூன்று கதை சொல்கின்றன. பஞ்சம் வந்தால் கொடுப்பது பஞ்சப்படி. சாமான் கிராக்கியானால் கொடுப்பது கிராக்கிப்படி. பஞ்சம் தீர்ந்தால் நின்றுவிட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நிற்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பாதி பதில் சொல்கிறேன். போருக்கு முன்னாலும் இது இருந்தது. கடைநிலை ஊழியருக்குத் தானிய விலை ஒரு அளவைத் தாண்டினால் தானிய ஈட்டுப்படி என்று கொடுப்பார்கள். விலை இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். குமாஸ்தாவுக்குக் கிடையாது, அவன் கௌரவமானவன் அல்லவா, அவனுக்குப் பசிக்காது! இரண்டாம் உலகப் போரில்தான் அது குமாஸ்தா வரைக்கும் ஏறியது.

சும்மா வந்தவன்

ஒரு சந்தேகம். "படி" என்றால் நெல் அளக்கிற படிதானே? அப்படியென்றால் பஞ்சப்படி என்பது பஞ்ச காலத்தில் அளந்து போடுகிற தானியமா?

ஓய்வூதியர் 1972

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அகராதிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் எங்கள் ஆபீஸில் சம்பள நாளன்று "இன்றைக்குப் படியளந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அது போதும் எனக்கு.

கணக்குப்பிள்ளை

பேரன் சார் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் "திருப்பவில்லை" என்பது சரியில்லை. திருப்பத்தான் நினைத்தார்கள், விலைவாசி விடவில்லை. முதல் பே கமிஷனைப் படித்தால் இது தெளிவாகும்.

1946 மே மாதம் அமைத்தார்கள், 1947 மே மாதம் அறிக்கை வந்தது. தலைவர் நம் ஊர்க்காரர்தான், சர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார். மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து டெல்லி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனவர். அவர்கள் முன்னால் இருந்த சிக்கலைப் பாருங்கள். 1939ல் 100 என்று வைத்தால், வாழ்க்கைச் செலவு அப்போது 260ஐத் தாண்டிவிட்டது. அந்த விலைக்குச் சம்பளத்தை நிர்ணயித்தால், நாளைக்கு விலை இறங்கும்போது அரசாங்கம் மாட்டிக்கொள்ளும். 1939 விலைக்கு நிர்ணயித்தால் ஊழியன் இன்றைக்குச் சாவான்.

அதனால் என்ன செய்தார்கள்? விலை கடைசியில் 160லிருந்து 175க்குள் எங்கேயாவது நிற்கும் என்று ஒரு கணிப்பு. அடிப்படைச் சம்பளத்தை அந்த அளவுக்கு வைத்தார்கள். அதற்கும் நடப்பு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பஞ்சப்படியால் நிரப்பினார்கள். கடைநிலை ஊழியருக்கு அடிப்படை 30 ரூபாய், படி 25 ரூபாய், மொத்தம் 55. அந்த வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் 20 புள்ளி ஏறினால் படி ஏறும், இறங்கினால் இறங்கும். மேலே உச்சம் 2000 ரூபாய்.

அந்த 160-175 வரவே இல்லை. வந்திருந்தால் உங்கள் தாத்தாவின் டைரியில் அந்த வரி சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போயிருக்கும். 1952ல் காட்கில் குழு வந்து, படியில் பாதியை இனி சம்பளமாகவே கருதுங்கள் என்று சொன்னது. பழைய விலை திரும்பாது என்பதை அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

சும்மா வந்தவன்

விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கும் என்று படித்த மனிதர்கள் நம்பினார்களா? எந்தக் காலத்தில் ஐயா விலை இறங்கியிருக்கிறது?

கணக்குப்பிள்ளை

இப்படிச் சிரிப்பது நமக்குச் சுலபம், ஏனென்றால் நாம் விலை இறங்கியதைப் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்த்தவர்கள். முதல் உலகப் போரில் ஏறிய விலை பிறகு இறங்கியது. 1930 மந்தத்தில் நெல்லை வாங்க ஆளில்லை. 1931 கடைசியில் அரசு ஊழியர் சம்பளத்திலேயே பத்து சதவீதம் வெட்டினார்கள். வரதாச்சாரியார் குழு உட்கார்ந்தபோது அது நடந்து பதினைந்து வருடம்தான்.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. முதல் போருக்குப் பிறகு 1920ல் அங்கே அரசு ஊழியர்களுக்கு விலைவாசி போனஸ் என்று ஒன்றை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்கள். 1914 ஜூலை விலையை 100 என்று வைத்துக் கணக்கு. கொடுத்த சூட்டோடு விலை சரியத் தொடங்கியது. அந்த ஏணியில் ஏறியவர்கள் வருஷா வருஷம் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கையில் வரும் சம்பளம் நிஜமாகவே குறைந்தது. முப்பதுகளின் நடுவில்தான் போனஸைச் சம்பளத்தோடு சேர்த்து அந்தக் கதையை முடித்தார்கள். இதைப் பார்த்தவன் இரண்டாம் போருக்குப் பிறகும் அப்படியே நடக்கும் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

மலைக்கோட்டை வாசி

எல்லோரும் கமிஷன் அறிக்கையிலேயே நிற்கிறீர்கள். அந்தக் கமிஷன் ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. தானாக மனமிரங்கியா வந்தது?

1946 முழுக்க வேலைநிறுத்தம். மே மாதம் கமிஷன் அமைத்த பிறகும் ஓயவில்லை, ஜூலை 11 முதல் நாடு முழுக்கத் தபால் ஊழியர் இறங்கினார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் மற்ற தொழிலாளர்கள் ஆதரவாகக் கடையடைப்பு. பேரன், அந்த மாதத்துப் பக்கம் உங்களிடம் இருந்தால் பாருங்கள், தாத்தா தபால் இலாகா என்கிறீர்களே.

எங்கள் திருச்சிக்கு வருகிறேன். தென்னிந்திய ரயில்வேயைப் போர்க் காலத்தில், 1944ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆக பொன்மலைப் பட்டறைக்காரனும் அரசு ஊழியன்தான். போர் முடிந்ததும் ஆட்குறைப்புப் பேச்சு. சம்பளமோ பழைய சம்பளம். 1946 ஆகஸ்ட் கடைசியில் வேலைநிறுத்தம், செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூடு, ஐந்து பேர் செத்தார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் செப்டம்பர் 5ல் பொன்மலைச் சங்கத்திடலில் கூடுகிறார்கள். என் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் சின்ன வயதில் போயிருக்கிறேன்.

மணியைப் பற்றிக் கேட்டீர்கள். குமாஸ்தாவின் நேரத்தைவிட ரயில்வேக்காரன் நேரம்தான் உண்மையான கதை. போருக்கு முன் ரயில்வேயில் தொடர்ச்சியான வேலை என்று வகைப்படுத்தியவனுக்கு வாரம் 60 மணி. விட்டு விட்டு வருகிற வேலை என்றால் 84 மணி. எண்பத்து நான்கு! ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி, ஞாயிறு உட்பட. கேட் கீப்பர், சின்ன ஸ்டேஷன்காரன் எல்லாம் இதில். நீதிபதி ராஜாத்யக்ஷா 1947 மே மாதம் கொடுத்த தீர்ப்பில்தான் 60 என்பது 54 ஆனது, 84 என்பது 75 ஆனது. விடாமல் கவனம் தேவைப்படுகிற வேலைக்கு 45 என்று தனி வகை. அதுவும் உடனே வரவில்லை, எல்லா ரயில்வேயிலும் நடைமுறைக்கு வர மேலும் சில வருடம் பிடித்தது.

ஆகவே "கடிகாரம் ஒரே ராத்திரியில் திரும்பியது" என்பது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் பொருந்தும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கும்பகோணம் பேரன்

கோபம் எதற்கு அண்ணா, இதைத்தான் தெரிந்துகொள்ள வந்தேன். 1946 ஜூலைப் பக்கம் இருக்கிறது. தபால்காரர் யாரும் வரவில்லை, மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன என்று இரண்டு வரி. தாத்தா போனாரா, வெளியே நின்றாரா என்று எழுதவில்லை. பிறகு ஒரு வாரம் பால் கணக்குகூட இல்லை. டைரி வெள்ளையாக இருக்கிறது.

மலைக்கோட்டை வாசி

அப்படியென்றால் வெளியேதான் நின்றிருப்பார். உள்ளே இருந்தவனுக்குப் பால் கணக்கு எழுதப் பயம் என்ன?

கும்பகோணம் பேரன்

இருக்கலாம். ஊருக்குப் போயிருக்கவும் கூடும். பெரிய அத்தைக்கு அப்போது நாலு வயது.

மேரிலாந்து மாமா

நான் இருப்பது வாஷிங்டன் பக்கம். என் பக்கத்து வீட்டுக் கிழவர் மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருடைய அம்மாவும் போர்க் கால அரசாங்க எழுத்தர். அவர் சொல்லிக் கேட்ட பிறகு சட்டங்களைத் தேடிப் படித்தேன். இங்கே கதை தலைகீழ். நேரமும் சம்பளமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போருக்கு முன் அமெரிக்க மத்திய அரசு அலுவலகத்தில் வாரம் 39 மணி. ஐந்து நாள் ஏழு மணி, சனிக்கிழமை நாலு மணி. போர் வந்ததும் 48 மணி ஆக்கினார்கள். 40க்கு மேல் செய்வதற்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்று 1943 மே மாதம் சட்டம். கேட்க நன்றாக இருக்கிறதா? ஒரு நாள் சம்பளத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? வருடச் சம்பளத்தை 360ஆல் வகுத்தார்கள்! ஞாயிறு, பண்டிகை எல்லாம் வேலை நாள் மாதிரி.

வருடம் 1800 டாலர் வாங்கும் எழுத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 360ஆல் வகுத்தால் நாளுக்கு 5 டாலர். கூடுதலாக வருகிற சனிக்கிழமைக்கு ஒன்றரை மடங்கு, ஏழரை டாலர். 52 வாரத்துக்கு 390. மொத்தம் 2190. அதாவது வேலை 40லிருந்து 48 ஆகி 20 சதவீதம் கூடியது, சம்பளம் 21.67 சதவீதம் கூடியது. ஒன்றரை மடங்கு என்று பெயர், கைக்கு வந்தது கிட்டத்தட்ட சாதா மணிக்கூலி.

இப்போது போர் முடிகிறது. 48ஐ 40 ஆக்கினால் அந்த 390 போய்விடும். எழுத்தர் வீட்டில் விலையெல்லாம் போர் விலையிலேயே நிற்க, சம்பளம் மட்டும் 1941க்குத் திரும்பும். அப்போதுதான் வீட்டுக்கு எடுத்துப் போகிற சம்பளம் என்கிற பேச்சே இங்கே பெரிதாக அடிபட்டது. 1945 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். அடிப்படை வாரம் 40 மணி. சம்பளத்தின் முதல் 1200 டாலருக்கு 20 சதவீதம் உயர்வு, அடுத்த 3400க்கு 10, அதற்கு மேல் 5. நம் 1800 டாலர் எழுத்தருக்கு 240ம் 60ம் சேர்த்து 2100 ஆனது.

பாருங்கள், 48 மணிக்கு 2190. 40 மணிக்கு 2100. வாரம் எட்டு மணி நேரம் திரும்பக் கிடைத்தது, போனது வருடத்துக்கு 90 டாலர். மோசமில்லை என்று தோன்றும். ஆனால் 46ல் மறுபடி 14 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது. 2394. விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததும் விலை பிய்த்துக்கொண்டு போனது, 48ல் மறுபடி 330 டாலர்.

ஒரு விஷயம் உங்களோடு ஒத்துப் போகிறது. இங்கேயும் கடிகாரத்தைத் தள்ளினார்கள், 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர் கடைசி வரை. பெயரே போர் நேரம்தான். அதுவும் ஒரே ராத்திரியில் திரும்பியது.

கணக்குப்பிள்ளை

360 கணக்கு அபாரம், மாமா! இது நம் கணக்குப்பிள்ளைகளின் மூளை. கடல் கடந்து எப்படிப் போனதோ.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே நேரத்துக்கு விலை இருந்தது. அதனால் நேரத்தைக் குறைக்கும்போது யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட வேண்டி வந்தது. இங்கே குமாஸ்தாவின் கூடுதல் மணிக்கு விலையே இல்லை. இருட்டடிப்பில் லாந்தரை மூடிக்கொண்டு எட்டு மணி வரை உட்கார்ந்தாலும் அதே சம்பளம். விலையில்லாததைத் திருப்பிக் கொடுப்பதில் அரசாங்கத்துக்கு என்ன கஷ்டம்? ஒரு சுற்றறிக்கை போதும். காசுதான் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அதற்குத்தான் சண்டை போட ஆள் இருந்தது.

விவசாயி மகன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி, ஒன்று கேட்கலாமா? பஞ்சம் வந்தால் குமாஸ்தாவுக்குப் படி. பஞ்சத்தில் நெல் விளைவித்தவனுக்கு? 1943ல் எங்கள் பக்கம் களத்து மேட்டிலேயே வந்து கொள்முதல் விலைக்கு நெல்லை எடுத்துப் போனார்கள் என்று அப்பா சொல்வார். வெளியே கள்ளச் சந்தையில் அதற்குப் பல மடங்கு. நெசவாளிக்கு நூலே இல்லை. அவனுக்கு யார் குறியீட்டெண் பார்த்து 20 புள்ளிக்கு ஒரு தடவை ஏற்றிக் கொடுத்தார்கள்? இன்றைக்கும் ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என்று உங்களுக்குத்தான். எனக்கு உரம் விலை ஏறினால் நான் யாரிடம் போய் நிற்பது?

ஓய்வூதியர் 1972

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் நாங்கள் சும்மா வாங்கிக்கொண்டிருந்தோம் என்று நினைக்காதீர்கள்.

நான் சேர்ந்து இரண்டு வருடத்தில், 1974ல், பஞ்சப்படி ஏறினால் ஏறியதில் பாதியைக் கையில் கொடுக்க மாட்டோம் என்று சட்டம் போட்டார்கள். கட்டாய டெபாசிட். அப்போது விலைவாசி எப்படி இருந்தது என்று அந்த வயதுக்காரர்களைக் கேளுங்கள். பிறகு தவணையாகத் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டியும் சேர்த்து. ஆனால் 74ல் வாங்க முடியாமல் போன அரிசியை 80ல் வாங்கிச் சாப்பிட முடியுமா?

அப்புறம் கொரோனா. 2020 ஜனவரியில் தொடங்கி மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் 17 சதவீதத்திலிருந்து ஒரே தாவாக 28 ஆக்கினார்கள். நடுவில் போன பதினெட்டு மாதத்து நிலுவை? கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு ஓய்வு பெற்றவர்களில் மூன்று பேர் அதற்குள் போய்விட்டார்கள். அதற்கும் போர் என்றுதான் பெயர் வைத்தார்கள், கிருமியோடு.

விவசாயி மகன்

வருத்தம்தான் ஐயா. ஆனாலும் நிறுத்தி வைக்க உங்களிடம் ஒரு தவணை இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை.

ஓய்வூதியர் 1972

அதுவும் சரிதான்.

வடமராட்சியான்

வணக்கம். நான் இலங்கை. இந்த இழையில் எங்கட பக்கக் கதையையும் ஒருக்கால் சொல்ல வேணும் போல இருக்கு.

இலங்கையில் போர்க் கால மணி இரண்டு தரம் ஏறியது. 1942 ஜனவரியில் அரை மணித்தியாலம், அந்த செப்டெம்பரில் இன்னும் அரை மணித்தியாலம். 1945 ஒக்டோபரில் பழையபடி.

சம்பளக் கதை அவ்வளவு லேசாக முடியவில்லை. போர் முடிந்து விலை குறையாத நிலையில் 1946லும் 1947லும் பெரிய வேலைநிறுத்தங்கள். 1947இல் அரசாங்க லிகிதர் சேவைச் சங்கமும் இறங்கியது. லிகிதர் என்றால் நீங்கள் சொல்லும் குமாஸ்தா. சம்பளம் மட்டுமில்லை, அரச ஊழியருக்குத் தொழிற்சங்க உரிமை வேணும் என்பதும் கோரிக்கை. ஜூன் 5 அன்று கொழும்பில் ஊர்வலத்தின் மேல் பொலிஸ் சுட்டது. கந்தசாமி என்ற லிகிதர் செத்தார். சங்கத்தின் தலைவராக இருந்த இலங்கரத்னவுக்கு வேலை போனது, பிறகு அவர் அரசியலுக்குப் போய் அமைச்சரானார். தமிழ் லிகிதர் செத்தார், சிங்களத் தலைவர் வேலை இழந்தார், இரண்டு பேரும் ஒரே சங்கம். அந்தக் காலம் அப்படி இருந்தது. எட்டு ஒன்பது வருசத்தில் சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்து அந்த மேசைகளே பிரிந்து போயின.

பொன்மலை அண்ணை எழுதியதைப் படித்த பிறகுதான் யோசித்தேன். அங்க ஐந்து பேர், இங்க ஒருவர், ஒன்பது மாத இடைவெளி. இரண்டும் போர் முடிந்த பிறகு.

மலைக்கோட்டை வாசி

கந்தசாமி பற்றி இன்றைக்குத்தான் தெரியும். நன்றி. எங்கள் கூட்டத்தில் அடுத்த தடவை சொல்கிறேன்.

சும்மா வந்தவன்

வடமராட்சி அண்ணா, உங்கள் ஊரில் பிற்காலத்திலும் கடிகாரத்தை மாற்றினார்கள் இல்லையா?

வடமராட்சியான்

ஓம். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை நின்றது. ஆனால் தங்கட கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் புலிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்க பழைய நேரம்தான் ஓடியது.

இதில் அரச ஊழியர் பாடுதான் விசித்திரம். வன்னியிலும் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. எனக்குச் சொந்தக்காரர் ஒருவர் அங்க ஆசிரியர். 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நாங்கள் மணிக்கூட்டைத் திருப்புவோம். வவுனியாவில் பத்து, தாண்டினால் ஒன்பதரை. "பத்து மணிக்கு வா" என்று யாராவது சொன்னால் "உங்கட பத்தோ எங்கட பத்தோ" என்று கேட்க வேணும். சம்பளம் ஒரு அரசாங்கத்தின் காசு, நேரம் இன்னொரு தரப்பின் மணிக்கூடு. பேரனின் பாட்டி பழைய மணிக்கு உலை வைத்தது என்று படித்தவுடன் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மேரிலாந்து மாமா

இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை

எனக்கும்தான்.

பேரன் சாரின் முதல் கேள்விக்கு வருகிறேன், நடுவில் எங்கேயோ போய்விட்டோம். நம் மத்திய அரசு ஆபீஸ் நேரம் கடைசியில் பெரிதாக மாறியது போரினால் அல்ல. 1985 ஜூனில் ராஜீவ் காந்தி காலத்தில் ஐந்து நாள் வாரம் வந்தது. சனிக்கிழமை விடுமுறை, அதற்குப் பதிலாக தினசரி நேரம் நீண்டது. இங்கிலாந்திலும் அரசு ஊழியருக்கு ஐந்து நாள் வாரம் வந்தது 1956ல்தான், போர் முடிந்து பதினொரு வருடம் கழித்து. அமெரிக்காக்காரன் 45லேயே 40 மணி என்று சட்டத்தில் எழுதிக்கொண்டான். ஓவர்டைம் என்று ஒரு விலை இருந்ததுதான் அவனுக்கு அதைச் சாதித்துக் கொடுத்தது என்பது என் கட்சி.

ஓய்வூதியர் 1972

ஐந்து நாள் வாரம் வந்த முதல் சனிக்கிழமை நான் பழக்க தோஷத்தில் டிபன் டப்பாவோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். வீட்டுக்காரியும் கட்டிக் கொடுத்துவிட்டாள்!

தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். 1945 அக்டோபர் பக்கம் இருக்கிறதா? மணி திரும்பிய நாள்?

கும்பகோணம் பேரன்

இருக்கிறது ஐயா. அக்டோபர் 15, திங்கட்கிழமை. அன்றைக்கு ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றிருக்கிறார், பூட்டுத் திறக்க ஆள் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். கடிகாரத்தைத் திருப்ப மறந்துவிட்டார் போல. எதிர்ப் பக்கம் ரேஷன் அரிசிக் கணக்கு, அதற்குக் கீழே பஞ்சப்படி பற்றி யாரோ சொன்ன வதந்தி ஒன்று. அடுத்த நாளிலிருந்து "பு.ம.", "ப.ம." எதுவும் இல்லை.

சம்பளச் சீட்டுகள் சில கும்பகோணத்தில் பெரிய அத்தையிடம் இருக்கின்றன. பொங்கலுக்குப் போகும்போது படம் எடுத்துப் போடுகிறேன். வேப்பிலையும் வாங்கிக்கொண்டு போகிறேன்.